கால் மரத்துப்போன ஞாயிறு

இரண்டாயிரம் பிறந்து, கம்ப்யூட்டர்களில் ஒய்டூகே வேலைகள் முடிந்திருந்த சமயம். சான் ஹோசேயில் நான் இருந்த கம்பெனிக்கு டோக்கியோவில் ஒரு க்ளையண்ட் கிடைக்கும் என்று பேச்சு. ஜப்பானிய மொழி தெரிந்தால் என்னை அனுப்புவார்கள் என்று நினைத்து, கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் அறுபதைத் தாண்டிய ஜப்பானியப் பெண்மணி. வகுப்பில் நான்தான் முந்திரிக்கொட்டை. ஜப்பானிய இலக்கணம் அப்படியே தமிழ் மாதிரி, எனக்குச் சுலபம் என்று கூடப் படித்த அமெரிக்கர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் எல்லோரையும் குடும்பத்தோடு தன் வீட்டுக்கு அழைத்தார், ஜப்பானிய முறைப்படி தேநீர் அருந்த. காரிலேயே மனைவி சொன்னாள், "அங்க வந்து ஓவரா பேசாதீங்க, ப்ளீஸ்."

அறை முழுக்கப் பாய். ஒரு பக்கம், மரச்சட்டத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டிய தள்ளுகதவு. மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்கார வேண்டும். அமெரிக்கர்கள் நெளிந்தார்கள். "நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், இதெல்லாம் பழக்கம்" என்று நான் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். எனக்குப் பழக்கம் சம்மணம். அதையும் விட்டு வருஷக்கணக்காயிற்று. வீட்டில் சோபாவில், டிவிக்கு முன்னால்தான் சாப்பாடு. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிறிது நேரத்தில் டீச்சர் ஜப்பானிய மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. புரிந்தவன்போல "ஹாய்" என்று தலையாட்டினேன். ஜப்பானிய மொழியில் 'சரி' என்று அர்த்தம். மற்றவர்கள் காலை மாற்றி வசதியாக உட்கார்ந்தார்கள். பாவம், முடியவில்லைபோல என்று நினைத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து மறுபடி சொன்னார். மறுபடியும் "ஹாய்."

தேநீரைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எழுந்தேன். முழங்காலுக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. அப்படியே சரிந்து கதவில் விழுந்தேன். முழங்கை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு அடுத்த அறைக்குள் போயிற்று. டீச்சர் பதறி ஓடிவந்து, அடிபட்டதா என்று அவர் மொழியில் கேட்டார். பதற்றத்தில் என் வாயில் வந்தது, "ஓயிஷீ." ருசியாக இருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம்.

திரும்பும்போது மனைவி சொன்னாள், "வசதியா உக்காருங்கன்னுதான் அவங்க சொன்னாங்களாம். பக்கத்துல இருந்த பொண்ணு சொன்னா."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவ இடிச்சேன். நீங்க திரும்பினாத்தானே?"

அடுத்த வகுப்பில் டீச்சர் போர்டில் புதிதாக ஒரு வாக்கியம் எழுதினார். "கால் மரத்துப்போய்விட்டது" என்று அர்த்தம். தனக்கே அடிக்கடி ஆகும் என்று சொல்லி, எல்லோரையும் சேர்ந்து சொல்லவைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடி வாயை மட்டும் அசைத்தேன்.

டோக்கியோ க்ளையண்ட் கடைசியில் கிடைக்கவில்லை. நான் வகுப்பை நிறுத்திவிட்டேன். மனைவி அடுத்த டெர்மில் அதே டீச்சரிடம் சேர்ந்தாள். வாராவாரம் நான்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருவேன். வகுப்பு முடியும்வரை பார்க்கிங்கில் காரைவிட்டு இறங்கவே மாட்டேன்.