தண்ணீர் முத்து

எங்கள் அம்மா தெப்ரா என்ற ஊரில் ஒரு பட்டறையில் வேலை செய்தார். ரொட்டித் தொழிற்சாலை உருளைகளில் மாவு ஒட்டாமலிருக்கக் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கும். அது தேய்ந்துபோனால், பழையதை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் பூசித் தருவார்கள். அம்மா வெகுகாலம் அங்கே பெட்டிதான் கட்டிக்கொண்டிருந்தார். பூச்சு நீக்கும் பிரிவில் ஆண்கள் மட்டும். அம்மா விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க, கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஓர் உருளையைச் சுத்தமாக்கிக் காட்டச் சொன்னார்கள். சரியாக வந்தால் அந்த வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் பெட்டி.

வீட்டில் ஆள் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையான என்னையும் கூட்டிப் போனார்.

“அக்கா, அந்தக் காத்தடிக்கிற குழாய் உங்களயே தூக்கிட்டுப் போயிரும்லா,” என்று அங்கிருந்த ஓர் அண்ணன் சிரித்தார்.

“மூணு பிள்ளய இடுப்புல தூக்குனவ நானு. நீ தள்ளிக்க தம்பி.”

பழைய பூச்சு கருகும்படி அடுப்பில் சுட்டெடுத்த உருளைமேல், மணல் போன்ற பொடியைக் காற்றோடு வீசி அடித்தார் அம்மா. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சூப்பர்வைசர் தடவிப் பார்த்து, “ஓகேலா, பாஸாயிருச்சு,” என்றார்.

அம்மா ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து, உதடு அசைய, உருளைமேல் ஊற்றினார். ஓர் ஓரத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அத்தனை அழகு. நான் கை தட்டினேன். அம்மாவின் முகம் வாடிவிட்டது.

“பூச்சு இன்னும் மிச்சமிருக்குண்ணே. மறுபடி அடிக்கிறேன்.”

“நான்தான் பாஸ்னு சொல்லிட்டேனே.”

“நீங்க சொல்லிட்டீங்க. தண்ணி சொல்லலயே.”

இரண்டாம் தடவை தண்ணீர் விரித்த துணிபோலப் பரவி, சும்மா கிடந்தது. ஒரு முத்துகூட இல்லை. எனக்குச் சப்பென்றிருந்தது. அம்மாவோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டார். பெருமையோடு எழுந்தேன்.

“எங்கம்மா இரும்புக்கே ஞானஸ்நானம் குடுத்தாங்க சிஸ்டர்.”

வகுப்பே சிரித்தது. அவர்களுக்கெல்லாம் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பூச்சு மிஞ்சிய இடத்தில்தான் தண்ணீர் முத்தாகத் திரளும் என்பது அந்த வயதில் எனக்கு எங்கே தெரியும்? அம்மா தோற்றுவிட்டார் என்றே நம்பினேன். இனி அம்மா ஊற்றும்போதெல்லாம் உருளை முழுக்க முத்தாக வரவேண்டும் என்று, அன்று குடும்ப ஜெபத்தில் முழங்காலிட்டு, மனமுருகி மன்றாடினேன். அம்மா இன்றும் பூச்சு நீக்கும் பிரிவில்தான் இருக்கிறார். ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்கவே இல்லை, அவருக்கு ஸ்தோத்திரம்.