மரிவிக் பிடித்து வைத்த சத்தங்கள்

எண்ணெய்க்குள் றோல்ஸ் இறங்கப்போகிற நேரம் பார்த்து மரிவிக் இடது கையை உயர்த்துவாள். கை உயர்ந்துவிட்டால் சமையலறையில் எவரும் வாய் திறக்கக்கூடாது. வலது கையில் தீப்பெட்டியளவு ஒலிப்பதிவுக் கருவி. அதைச் சட்டிக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, தலையைச் சரித்துக் கண்ணை மூடிவிடுவாள். முதல் றோல்ஸ் விழுந்து பொரிகிற சத்தம் அடங்கிய பிறகுதான் கண் திறக்கும்.

"ஓம், நல்லா வந்திட்டுது. இனிக் கதையுங்கோ அக்கா."

மொன்றியலின் வில்லரேயில் மெட்ரோவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற சிவமலரின் சாப்பாட்டுக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம். பிலிப்பைன்ஸில் இலோய்லோ அவளுடைய ஊர். வயது நாற்பத்தொன்று. கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் அவளைக் கண்டதும் பிரெஞ்சில் தொடங்குவார்கள். அவளோ, "மட்டன் முடிஞ்சுது, மீன் இருக்கு, எத்தினை வேணும்?" என்பாள். இவ்வளவு கெதியாகத் தமிழ் எப்படிப் பிடிபட்டது என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மாங்காயை எங்கட ஊரிலயும் மங்கா எண்டுதான் சொல்லுறது. பிறகென்ன கஷ்டம்?"

இரண்டு மணியோடு கடை வேலை முடியும். அதன் பிறகு அவள் மின்னிசைக் கலைஞர். அப்பா ஊரில் கரோக்கே பெட்டிகள் திருத்தியவர். மரிவிக் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய வருடமே ஈயம் உருக்கி வயர் ஒட்டவும் பழகிவிட்டாள். கனடாவுக்கு அவள் வந்தது பிள்ளை பார்க்கிற வேலைக்கு. இல்-பிசாரில் ஒரு பெரிய வீடு. அந்தத் தீவில் பஸ்ஸை நம்பி எங்கும் புறப்பட முடியாது. கோடைகால ஞாயிறுகளில் லாவலுக்குப் போகும் படகில் ஏறி, அக்கரையில் இறங்காமல், அதே படகில் திரும்பி வருவாள். படகை இழுக்கிற கம்பி வடம் தண்ணீரை விட்டு எழும்பும்போது ஒரு முனகல் கேட்கும். அதைத் தொலைபேசியில் பிடித்து, பழைய மடிக்கணினி ஒன்றில் வெட்டி ஒட்டி, அடியில் ஒரு தாளமும் போட்டாள். அதுதான் முதல் பாட்டு. இணையத்தில் அதை முதல் மாதம் கேட்டவர்கள் பதினொரு பேர். நாலு பேர் சொந்தக்காரர்.

அதிலிருந்து இந்தப் பன்னிரண்டு வருடத்தில் தேவாலய நிலவறை, பிறந்தநாள் விழா, ஆறு பேர் மட்டும் இருந்த மதுச்சாலை என்று எல்லா இடத்திலும் வாசித்திருக்கிறாள். பெர்லினில் யாரோ ஒருவர் அவளுடைய பாட்டுகளைக் கசெட்டில் அடித்து விற்றார். "கசெட் போட்டுக் கேக்கிற பெட்டி என்னட்டயே இல்லை" என்று சொல்லிச் சிரிப்பாள்.

கடையில் அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற விசிறி ஒன்று எப்போதும் ஒரே சுருதியில் ஊதும். போன வருடம் சிவமலர் ஆள் கூப்பிட்டு அதைத் திருத்தினார். மரிவிக்கின் முகம் கறுத்துவிட்டது.

"அக்கா, சுருதி மாறிப்போச்சு. அரைவாசிப் பாட்டு இனிப் பொருந்தாது."

"அடி பிள்ளை, எனக்குப் புகை வெளியில போகவேணும்!"

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள், புதிய சுருதி பழையதைவிட நல்லது என்று கண்டுபிடித்தாள்.

இந்த வருடம் மார்ச் மாதம் றெனோல்ட் என்றொருவர் கடைக்கு வந்தார். ஜூலையில் பூங்காவில் நடக்கிற மின்னிசை விழாவுக்குக் கலைஞர்களைத் தெரிவு செய்பவர். மரிவிக் ஒரேயொரு தடவை சின்ன மண்டபமொன்றில் வாசித்த ஒரு பாட்டு அவருடைய மனதில் தங்கியிருந்தது. பெரிய மேடை, சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி, இருபத்தைந்து நிமிடம், அந்தப் பாட்டு கட்டாயம் வேண்டும் என்றார்.

துள்ளிக் குதிக்கவேண்டியவள், பேந்து சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பாட்டு முழுக்க அவளுடைய மகள் மெலனியின் குரல். ஐந்து வயதில் சித்தியிடம் விட்டு வந்த பிள்ளை, பத்திரங்கள் சரியாகி மொன்றியலுக்கு வந்தபோது பன்னிரண்டு. இடையில் ஏழு வருடமும் நாள் தவறாமல் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "மா, எப்ப வருவீங்கள்?" ஒன்றையும் மரிவிக் அழிக்கவில்லை. அவற்றைக் கோத்துத்தான் பாட்டாக்கியிருந்தாள். இப்போது பதினெட்டு வயதாகும் மெலனிக்கு அப்படியொரு பாட்டு இருப்பதே தெரியாது.

அந்த ஞாயிறு அவளை இருத்திப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை; மெலனி எழும்பிவிட்டாள்.

"அது நான் அழுதது, மா. அதுக்கு ஆட்கள் நிண்டு ஆடுறதோ?"

மரிவிக்குக்குக் கன்னத்தில் அறை விழுந்தது போலிருந்தது. அந்தச் செய்திகளைத் தன்னுடைய அழுகையென்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அது பிள்ளையின் அழுகை என்பது அன்றுதான் உறைத்தது. அடுத்த நாளே றெனோல்டைக் கூப்பிட்டு, அந்தப் பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டாள். அவர், ஜூனுக்குள் வேறொன்று தந்தால் பார்க்கலாம் என்றார்.

இரண்டு மாதம் முயன்றாள். எண்ணெய் இருந்தது, விசிறி இருந்தது, மாப் பிசைகிற தட்டல் இருந்தது. உயிர் மட்டும் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், கடை பூட்டிய பிறகு, சமையலறையில் புதுப் பாட்டொன்றை அலறவிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மெலனி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தங்கள் மொழியில் பொரிந்து தள்ளினாள்.

"மா, சத்தத்தைக் குறையுங்கோ! தெருமுனை வரைக்கும் கேக்குது! சாப்பிட்டீங்களோ? குளிசை போட்டீங்களோ? போன் அடிச்சா எடுக்கமாட்டீங்களோ?"

மேசையில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்கை மெலனியும் கண்டாள்.

"இதையும் பிடிச்சிட்டீங்கள், என்ன?"

"அழிக்கட்டோ?" என்று மரிவிக் கேட்டாள்.

மெலனி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். "முதல் போடுங்கோ, கேப்பம்" என்றாள். தன் குரலை, அந்தக் கோபத்தை, அப்படியே ஒருதரம் கேட்டாள். இரண்டாம் தரம் மரிவிக் அதற்கடியில் தாளத்தை ஓடவிட்டாள். மெலனிக்குச் சிரிப்பு வெடித்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சிவமலரும் விளங்காமலே சேர்ந்து சிரித்தார்.

"இதுக்கு ஆடலாம்" என்றாள் மெலனி. "ஆனா இன்னும் கனக்க ஏச்சு இருக்கு. எழுதிக்கொண்டு வாறன்."

ஒரு கிழமை மகள் ஏசினாள், தாய் பிடித்து வைத்தாள். றெனோல்ட் கேட்டுவிட்டு ஒரே சொல்லில் சம்மதித்தார்.

விழா நாளன்று சிவமலர் மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் ஒரு தட்டு றோல்ஸுமாகப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார். வெயிலில் புல்வெளி முழுக்கச் சனம். முதலில் எண்ணெய் பொரிந்தது, விசிறி ஊதியது, பிறகு மெலனி ஏசத் தொடங்கினாள். முன்வரிசையில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அர்த்தம் தெரியாத மற்றச் சனம் மூன்றாம் சுற்றில் அந்த வரியைப் பாடமாக்கிவிட்டது. சத்தத்தைக் குறை என்பதை இரண்டாயிரம் பேர் உச்சக் குரலில் கத்தினார்கள்.

மரிவிக் மேடையிலிருந்து மகளைத் தேடினாள். ஒலியைக் கட்டுப்படுத்துகிறவருக்குப் பக்கத்தில் மெலனி நின்றாள். தன்னுடைய ஏச்சு ஒலிபெருக்கி அதிர வந்துகொண்டிருக்க, அவள் அந்த மனிதரின் தோளைத் தட்டி, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, இன்னும் இன்னும் என்று உயர்த்திக் காட்டினாள்.