டிராலியைத் திருப்பியவர்

எண்பதுகளில், மலேசியாவின் ஈப்போ நகர ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே அறைக்கு டிராலி தள்ளியவர் அவர். மெலிந்த உடம்பு, காதில் செருகிய பென்சில். யாரைத் தள்ளினாலும் முதலில் உதட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்.

அன்று டிராலியில் என் தங்கை. அரிவாள் செல் நோய். அவள் ரத்தம் எளிதில் அடைத்துக்கொள்ளும். இடது கை திடீரென்று விழுந்துபோயிருந்தது. மருந்து செலுத்தி மூளையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கப்போகிறார்கள்.

கதவருகே டிராலி நின்றது.

"உதடு வெடிச்சிருக்கே. எப்பத் தண்ணி குடிச்சிச்சு?"

"நேத்து மத்தியானம், அண்ணே. ஒன்னும் சாப்பிடக் கூடாதுன்னாங்க. நம்ம ரப்பர் தோட்டத்துல காவடிக்கு இருக்கிற மாதிரி சுத்தமா விரதம் இருக்க வச்சேன்."

"சோறுதான் கூடாது லா! இந்த ரத்தத்துக்குத் தண்ணி இல்லாம மருந்து ஏத்துனா மூளையில அடைச்சுக்கும்!"

டிராலியைத் திருப்பிக்கொண்டு வார்டுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தண்ணீரை நிறுத்தியது யார் என்று டாக்டர் சீறினார். நான் குனிந்து தங்கையின் போர்வையைச் சரிசெய்தேன்.

"நான்தான் டாக்டர். தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் அவர்.

தங்கைக்கு டிரிப் ஏற்றினார்கள். மறுநாள்தான் படம் எடுத்தார்கள்; அவள் பிழைத்தாள்.

திட்டு முழுவதையும் அவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.