மாமியின் பல்கனி

பனையோலைக் கூடையொன்று நைலோன் கயிற்றில் ஆடி ஆடி இறங்குவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஊர்காவற்றுறையில் மாமியின் மெத்தை வீட்டு மரப் பல்கனி தெருவுக்கு மேலே நீண்டு நின்றது. மீன்காரர் கீழே நின்று ஹோர்ன் அடித்தால் கூடை இறங்கும். முழங்கால் நோவால் படியிறங்க முடியாத மாமிக்கு ஊரோடு பேச்சு அங்கிருந்துதான்.

“தம்பி, நேற்றுத் தந்த ஓரா மீனை என்ர பூனையும் தொடேல்லை.”

“பூனைக்கும் உங்களைப்போல வாய் கூடிப்போச்சுது அக்கா.”

தெருவே சிரிக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத எனக்கு, மாமியின் பின்னால் நின்று கேட்பதே போதும்.

அந்த வீட்டை அப்பாவின் சகோதரிகள் இருவருக்கும் சீதனமாகப் பிரித்திருந்தார்கள். மேல்வீடு மாமிக்கு, கீழ்வீடு கனடாவில் இருக்கும் சின்ன மாமிக்கு. பல்கனி மாமியுடையது. அதைத் தாங்கிய மரங்கள் இருந்ததோ சின்ன மாமியின் சுவரில். போன மாரி மழையில் அவை உக்கிவிட்டன. கீழ்ச் சுவரை உடைத்துத்தான் புதுமரம் பதிக்கலாம் என்றார் தச்சர். சகோதரிகள் பேசாமல் விட்டுப் பல வருடங்கள்.

நான் கனடாவுக்குப் போன் எடுத்தேன். “சுவர் என்ர. அக்காவைக் கேக்கச் சொல்லு, விடுறன்,” என்றார் சின்ன மாமி. மாமியிடம் சொன்னேன். “நான் மூத்தவள். அவள் முதல்ல கதைக்கட்டும்.” இருவருக்கும் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தரம் நின்றேன். இருவரையும் எதிர்த்து ஒரு சொல் எனக்கு வரவில்லை.

மாமி ஏறி நின்றால் பல்கனி இடிந்து தெருவில் போவோரின் தலையில் விழும் என்று அயலவர்கள் பயந்தார்கள். கடைசியில் பல்கனிக் கதவுக்குக் குறுக்கே நான்தான் பலகை அடித்தேன். மாமி பக்கத்தில் நின்று ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். தெருப்பக்கம் வேறு யன்னல் இல்லை. மறுநாள் ஹோர்ன் கேட்டதும் கதவுக்கு உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். அது கீழே கேட்கவில்லை. மீன்காரர் இன்னொரு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது மீனை நான் வாங்கிக்கொண்டு படியேறுகிறேன். மாமி மீனைப் பார்ப்பதில்லை.

“என்னவாம் அவன்?”

“அக்கா இல்லாமல் யாவாரம் ருசிக்கேல்லை எண்டவர்.”

“எப்பிடிச் சொன்னவன்? சிரிச்சுக்கொண்டோ?”

அவர் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்த்தேன். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி, விடு,” என்று மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.