ஹவுஸ் ஓனர் அக்காவின் ஷூ

சர்க்கரை குறையவில்லை என்றால் அடுத்து ஊசிதான் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, அதை யார் போட்டுவிடுவார்கள் என்பதுதான். என் அம்மாவுக்குக் கடைசி வரை நான்தான் போட்டேன். எனக்கென்று பார்த்தால், ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். கணவருக்கு ரத்தம் என்ற பேச்சை எடுத்தாலே உட்கார நாற்காலி வேண்டும். நானே போட்டுக்கொள்ள எனக்குத் தைரியம் கிடையாது. இந்த யோசனையில் டாக்டர் மேற்கொண்டு சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்தது இவ்வளவுதான்: மூன்று மாதம் பார்ப்போம், தினமும் நடங்கள், தனியாக ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள், அதனால் சுற்றி இருப்பவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்த்துக்கொண்டேன். குழப்பமும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

என்னைக் காலையில் எழுப்பிவிடும் பொறுப்பைக் கணவர் ஏற்றார். எழுப்பிய கையோடு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மகள் அங்கிருந்தே சொல்லிக்கொடுத்து என் போனில் எதையோ ஏற்ற வைத்தாள். நான் இங்கே நடப்பது அங்கே அவளுக்குத் தெரிந்துவிடுமாம். சோற்றை விட்டுவிட்டு வரகும் கம்பும் சாப்பிடச் சொன்னாள். சிறுதானியமும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், முட்டையும் சுண்டலும் போதும் என்று ஆபீசில் யாரோ சொன்னதாகக் கணவர் வந்து சொன்னார். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். ஒரு வேளை வரகு, ஒரு வேளை சுண்டல், யாரும் பார்க்காதபோது கொஞ்சம் தயிர்சாதம். உடம்பு எதைக் கேட்டு நடந்துகொள்வது என்று தெரியாமல் முழித்திருக்கும். நானும் முழித்தேன்.

கூட நடப்பதற்குத்தான் ஆள் இல்லை. எங்கள் ஹவுஸ் ஓனர் அக்காவைக் கேட்டேன். நாங்கள் குடியிருக்கும் இந்த இரும்புலியூர்தான் அவருக்குப் பூர்வீகம். அவர்கள் நெல் போட்ட நிலத்தில் இப்போது அபார்ட்மென்ட்டுகள் நிற்கின்றன. கீழ்ப் போர்ஷனில் மகன், மருமகளோடு அவர், மாடியில் நாங்கள். எனக்குப் பத்து வயது மூத்தவர். டாக்டரிடம் போய்விட்டு வந்த அன்று சாயங்காலம் கேட்டருகில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, காலையில் ஏரிக்கரை வரை நடக்கப் போகிறேன், நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும் என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா, துணைக்கா? வரேன், போ" என்றார்.

மறுநாள் கஞ்சி போட்ட காட்டன் புடவையும், மகன் தாம்பரத்தில் வாங்கி வந்த வெள்ளை ஷூவுமாகத் தயாராக நின்றார்.

அக்கா மெதுவாக நடப்பார். மெதுவாக என்றால், கைத்தடி ஊன்றியவர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள். வாடகைக்கு இருப்பவள் ஹவுஸ் ஓனரைப் பார்த்துக் கொஞ்சம் வேகமாக நடங்கள் என்று எப்படிச் சொல்வது? பாவம், இந்த வயதில் அவருக்கும்தான் நடை வேண்டியிருக்கிறது, நம்மால் ஒருவருக்கு உடம்பு தேறினால் புண்ணியம் என்று நானும் அவருக்குத் தகுந்தபடி நடந்தேன். ஏரிக்கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. "செத்த குந்து, அப்பால போவலாம்" என்பார். குந்தினால் பேச்சு. மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறியது, மருமகள் சாம்பாரில் வெல்லம் போடுவது என்று எதையாவது சொல்வார். நான் ஊசியைப் பற்றிப் புலம்புவேன். அதை யார் போடுவார்கள் என்று ஒரு நாள் கேட்டுவிட்டு அழுதுகூட விட்டேன். மூக்கைச் சிந்திக்கொள் என்று அக்கா முந்தானையைக் கொடுத்தார். வீடு திரும்பும்போது எனக்கு வியர்த்திருக்காது, மனசு மட்டும் லேசாக இருக்கும். டாக்டர் சொன்ன நடையில் அது சேர்த்தியா என்று தெரியவில்லை.

சேர்த்தி இல்லை. மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் சர்க்கரை இருந்த இடத்திலேயே இருந்தது. எப்படி நடக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார், சொன்னேன். பேசிக்கொண்டு போவதெல்லாம் சரி, கொஞ்சமாவது மூச்சு வாங்க வேண்டாமா என்று கேட்டார். இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். இவ்வளவு ஸ்லோவாக யாராவது நடப்பார்களா என்று மகள் போனில் கோபப்பட்டாள். அக்காவை விட்டுவிட்டுத் தனியாகப் போ என்றார் கணவர், படுத்தபடியே.

விட்டுவிடுவதா? கூப்பிட்டது நான். நான் விட்டால் அவருடைய நடையும் நின்றுபோகும். விடாவிட்டால் எனக்கு ஊசி. டாக்டர் சொன்னபடி ஆள் சேர்த்ததில் எனக்கு உதவி வந்ததா, இல்லை நான்தான் உதவிக்குப் போய்க்கொண்டிருக்கிறேனா என்பதே புரியவில்லை. இந்த யோசனையில் இரண்டு நாள் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், எப்படியாவது சொல்லிவிடுவது என்று, அவர் கூட்டு கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் கீழே போனேன். அக்கா கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன, மேலே வெந்நீர்ப் பை. என்னைப் பார்த்ததும் அவசரமாகப் புடவையை இழுத்துவிட்டார். போட்டு உடைத்தது மருமகள்தான். முட்டி தேய்ந்துபோய் ரொம்ப நாளாகிறதாம். ரொம்ப நடக்கவே கூடாது என்று போன வருஷமே டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அத்தை கேட்பதில்லை, காலையில் நடந்துவிட்டு வந்தால் பகலெல்லாம் இப்படித்தான் என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றேன். கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"ஏங்க்கா சொல்லல?"

"நீதான் வந்து கூப்ட்டியே. அன்னிக்கு உன் மூஞ்சே செரியில்ல. முட்டி வலி கீதுன்னு சொல்லிகினு இருந்தா, நீ அத்தோட வுட்டுட்டு மாடியிலயே குந்திப்ப."

"உங்களுக்காகத்தாங்க்கா நான் மெதுவா நடந்தேன்."

அக்கா என்னைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். "எனக்கோசரமா? உனுக்கு மூச்சு வாங்குதேன்னு நான் இல்ல பெஞ்சாண்ட குந்த வெச்சேன்."

மூன்று மாதம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதாக நினைத்து நடந்திருக்கிறோம். அதில் என் சர்க்கரையும் குறையவில்லை, அவர் முட்டியும் கெட்டது. நாளையிலிருந்து நீங்கள் வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஹவுஸ் ஓனரிடம் நான் கண்டிப்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவரும் சரியென்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். கேட்டில் அவர் இல்லாதது நிம்மதியாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது. ஏரிக்கரைக்குப் போனால், சிமென்ட் பெஞ்சில் அக்கா. மகன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

"நீ சுத்திகினு வா. நான் இங்கதான் கீறேன்" என்றார்.

கையை வீசி நடந்தேன். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு தடவை பெஞ்சைத் தாண்டும்போதும் அக்கா என் முகத்தைத்தான் பார்த்தார். கடைசியில் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். கஞ்சி போட்ட புடவைக்குக் கீழே அந்த வெள்ளை ஷூ, கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. குனிந்து அதைக் கட்ட அந்த முட்டி என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"உக்காரத்தானேக்கா வந்தீங்க? ஷூ எதுக்கு?"

"நீ எங்கனா தலை சுத்தி வுழுந்துட்டின்னா? நான் ஓடியாரணும் இல்ல."

அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஓடி வருவாராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினேன். அடுத்த மாதம் டெஸ்ட். ஊசி வந்தாலும் வரலாம். யார் போடுவார்கள் என்று மட்டும் இப்போது நான் கேட்பதில்லை.