கூப்பிடாமல் ஏற்றிப்போன ஆள்

1. முதல் டிரிப்

மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். இடுப்பு போனபிறகு கள்ளக்குறிச்சியில் அமரர் ஊர்தி ஓட்டும் வேலை கிடைத்தது. ஓவர்லோடு கேஸ் இல்லை, பின்னால் இருப்பவர் 'ஏன் லேட்டு' என்று கேட்கமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சேர்ந்தேன். இப்போது புதிதாக வரும் டிரைவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "பயமா இருக்காதாண்ணா?" இருக்கும். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

முதல் டிரிப்பே கல்வராயன் மலைக்கு. வயதாகி இறந்த பெரியவர். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். முதல் வளைவில் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, வளைவு வருது. பத்திரமா வா."

நான் உஷாராகிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீங்க. மவன் அவங்கப்பாவத்தான் கூப்புடுறான். ஒவ்வொரு வளைவுலயும், பாலத்துலயும் சொல்லிக்கினே போவணும். சொல்லலன்னா ஒடம்பு மட்டும் வூட்டுக்குப் பூடும். ஆளு வளைவுலயே நின்னுடுவாரு."

அன்றிலிருந்து மலை வளைவு வந்தால் அவர்கள் கூப்பிட்டு முடிக்கும்வரை நான் கியரை மாற்றுவதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, அப்படியே பழகிவிட்டது.

2. மார்ச்சுவரி வாசல்

இந்த வேலையில் பாதி நேரம் மார்ச்சுவரி வாசலில் காத்திருப்பதுதான். அங்கே காதை மூடிக்கொள்ள முடியாது.

"குடிச்சே செத்தான்" என்பதை வெட்கமில்லாமல் உரக்கச் சொல்வார்கள். காய்ச்சின சாராயம் என்றால் கோபம் வரும், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், மறியல் வரைக்கும் பேசுவார்கள். அரசாங்கக் கடைச் சரக்கைக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தவர் என்றால், "அவன் விதி, இன்னா பண்றது" என்று முடிந்துவிடும். ரெண்டும் இறங்கினது ஒரே வயிற்றுக்குள்தானே என்று ஒருமுறை கேட்டேன். "நீ வண்டிய ஓட்டு" என்றார்கள்.

தானாக உயிரை விட்டவர் என்றால் வாசலே அடங்கிப்போகும். காரணம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே வியாதி, தீராத வயித்து வலி. இத்தனை வயிற்று வலி இருக்கும் ஊரில் வயிற்று டாக்டர் ஒருவர்கூட மாடி வீடு கட்டவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவர்களை வளைவில் கூப்பிடமாட்டார்கள். வீட்டுக்கும் கொண்டுபோகமாட்டார்கள், நேரே அடக்கம்தான். கூப்பிட்டால் வந்துவிடுவாராம். வந்தால் துணைக்கு இன்னொருவரைக் கேட்பாராம். அந்த டிரிப்புகளில் வண்டிக்குள் இன்ஜின் சத்தம் மட்டும்தான் இருக்கும்.

3. செல்வராசு

செல்வராசு மலைக்காரர், கொத்து வேலை செய்தவர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. அவரும் தானாகப் போனவர்தான். அவருடைய அண்ணன் கோவிந்தன் என் பக்கத்து சீட்டில் ஏறினார். ஏறியதும் பின்னால் திரும்பி, "யாரும் கூப்புடக்கூடாது. சொல்லிட்டேன்" என்றார். பின்னால் பெட்டிக்கு இரண்டு பக்கமும் பெஞ்ச். ஒன்றில் செல்வராசுவின் மனைவி சின்னப்பொண்ணு. எதிரில் ஊர்க்காரர்கள் இரண்டு பேர்.

மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். குழி வெட்டுகிறவர்களுக்குப் பாட்டில் வாங்க வேண்டும். அது இல்லாமல் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அரசாங்கக் கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஆகவே கடை வாசலில், வெயிலில், பிணத்தோடு காத்திருந்தோம். செல்வராசு தினமும் நின்ற வரிசைக்கு நேராக வண்டி நின்றது.

கடை திறந்ததும் சேல்ஸ்மேன் கோவிந்தனிடம் கேட்டார். "உங்க தம்பிய எங்க ரெண்டு நாளா காணோம்?"

"வண்டியில இருக்கான்."

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சொன்னார். "போன வாரங்கூட இங்கதான் குந்திக்கினு சொன்னான், நான் போய்ச் சேரப் போறேன்னு. போதையில ஒளர்றான்னு சிரிச்சோம்."

"எங்கிட்டயும் சொன்னான்" என்றார் இன்னொருவர். "போறதுன்னா பாட்டில முடிச்சிட்டுப் போடான்னேன்."

சேல்ஸ்மேன் பாட்டிலை எடுத்துக் கோவிந்தனிடம் நீட்டினார். பிறகு வரிசை நகர்ந்தது.

மலை ஏறும்போது பனிமூட்டம் இறங்கியிருந்தது, மதியத்திலும் லைட் போட்டு ஓட்டினேன். ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாய் ஊற்றிக்கொண்டு பின்னால் தூங்கிவிட்டார்கள். முதல் வளைவு வந்தது, யாரும் கூப்பிடவில்லை. இரண்டாவது வளைவில் ஏதோ கேட்டது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத மெல்லிய குரல், வண்டித் தகரத்துக்குள்ளிருந்து வருவதுபோல்.

"எங்கயும் போவாத. இங்கயே நில்லு. வந்துர்றேன்."

கோவிந்தன் என் கையைப் பிடித்தார். "உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது."

"அவன் கொரலு. வேகமாப் போங்க."

கண்ணாடியில் பார்த்தேன். சின்னப்பொண்ணு முந்தானையால் வாயை மூடியிருந்தாள். மற்ற இரண்டு பேரும் தலை தொங்கக் கிடந்தார்கள். அடுத்த வளைவிலும் அதே குரல், அதே வார்த்தை. லாரி ஓட்டும்போது எதிரில் யானையைக்கூடப் பார்த்திருக்கிறேன், அப்படிப் பயந்ததில்லை. வேகமாகத்தான் போனேன்.

அடக்கம் சீக்கிரம் முடிந்தது. அழுகைகூடக் குறைவு. திரும்பலாம் என்று பின்கதவைச் சாத்தப் போனால், காலி பெஞ்சில் சின்னப்பொண்ணு உட்கார்ந்திருக்கிறாள்.

"எறங்கும்மா."

"இல்லண்ணா. அந்த ரெண்டாவது வளைவுல என்ன உட்டுட்டுப் போ."

"அங்க இன்னாம்மா இருக்குது? வெறும் பள்ளம்."

"எம் புருசன் அங்க நிக்கிது. ஆரும் கூப்புடலியே. அதுக்கு இருட்டுன்னா பயம். அங்கயே நில்லு, வந்துர்றேன்னு அந்த வளைவுலேர்ந்து சொல்லிக்கினேதான் வந்தேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மலை ஏறும்போது பேசியது செத்தவர் இல்லை. முந்தானைக்குள் பேசிக்கொண்டு வந்தது உயிரோடிருந்த பெண். நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள் பேய்க்குப் பயந்து ஓடியிருக்கிறோம், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று ஒருவரும் பயப்படவில்லை.

இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கக்கூடாது, கேட்டால் எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போலாகிவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கடை வாசலில் சிரித்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் கேட்டேன்.

"நீயும் செத்துடணும்னு நெனைக்கிறியாம்மா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து அவளிடம் யாராவது எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

கோவிந்தன் ஓடிவந்தார். நான் அவரிடம் சொன்னேன். "உங்க தம்பிய நீங்க கூப்புடல. அதனால இந்தப் பொண்ணு போய்க் கூட்டியாறேங்குது."

"கூப்புட்டா ஊருக்குள்ள வந்துடுவானே அவன்."

"வரட்டுமே. அவரும் இந்த ஊர்க்காரர்தான?"

கோவிந்தன் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "எங்கிட்டயும் சொல்லியிருந்தான், போய்ச் சேரப் போறேன்னு" என்றார். "மூஞ்சக் கழுவிக்கினு போய்ப் படுறான்னேன்." "மொத வளைவுலேர்ந்து கூப்புட்டுக்கினு வரலாம், ஏறுங்க" என்றேன்.

மூன்று பேரும் வண்டியில் ஏறினோம். சின்னப்பொண்ணு முன் சீட்டில், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். மலையடிவாரம்வரை இறங்கினேன். அங்கே வண்டியைத் திருப்பி மறுபடியும் ஏறினோம். பின்னால் ஒன்றுமில்லை, காலிப் பெட்டிதான். டிரிப் எழுத வேண்டுமானால் யாரை ஏற்றினேன் என்று எழுதுவது?

முதல் வளைவில் அவளுக்குக் குரல் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். "செல்வராசு, வளைவு வருது. பத்திரமா வாங்க."

இரண்டாவது வளைவில் அவளே கூப்பிட்டாள். "வா, வூட்டுக்குப் போவலாம். நான் இங்கதான் கீறேன்."

அந்த வளைவு திரும்பியதும் வண்டி இழுக்கவில்லை. நான் லோடு வண்டி ஓட்டியவன், ஸ்டியரிங்கைப் பிடித்தாலே பின்னால் எடை இருக்கிறதா என்று தெரியும். காலி வண்டி ஃபர்ஸ்ட் கியர் கேட்டது. முக்கி முக்கி ஏறியது. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கோவிந்தனும் திரும்பவில்லை. அவர் அடுத்த வளைவிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார், முதலில் முணுமுணுப்பாக, போகப்போக வாய்விட்டு. ஊர் எல்லையில் கதறியே விட்டார். "வாடா தம்பி. வூடு வந்துருச்சி. எறங்குடா."

வண்டி லேசானது. சின்னப்பொண்ணு மெதுவாகச் சொன்னாள். "வந்துட்டுது."

மறுநாள் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டேன். கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும் என்றார். கழற்றிப் பார்த்துவிட்டு, புதுசாட்டம் இருக்கிறதே என்று தலையைச் சொறிந்தார்.

4. புதிதாக வருகிறவர்களுக்கு

அன்று ராத்திரி முழுக்க கோவிந்தனும் அவர் சம்சாரமும் சின்னப்பொண்ணுவைத் தனியாக விடவில்லை. விடிந்ததும் அவரே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். வயிற்று வலி என்று சொல்லிவிடுவாரோ என்று பக்கத்திலேயே நின்றேன். சொல்லவில்லை. "சாவணும்னு சொல்லுதுங்க, பாருங்க டாக்டர்" என்றார். மாத்திரை, பேச்சு என்று பல மாதம் வந்து போனார்கள். இப்போது மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போகிறாள். ரோட்டோரத்தில் நின்றால் என் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். இந்த வண்டியைப் பார்த்து இந்த மாவட்டத்தில் கையாட்டுகிற ஒரே ஆள் அவள்தான்.

கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது. அதை மூடுவதும் திறப்பதும் என் கையில் இல்லை. என் கையில் இருப்பது ஸ்டியரிங்கும் பின்கதவும்தான்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எப்படிச் செத்தவராக இருந்தாலும் வளைவில் கூப்பிடுங்கள். சொந்தக்காரர்கள் கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள். பெட்டியில் இருப்பவருக்குப் பயப்படாதீர்கள். அவரை இறக்கியபிறகு, கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒருமுறை உள்ளே பாருங்கள், இறங்காமல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று.