பரஸ்தானம் வைத்த பெட்டி

1931 ஏப்ரல் 30, வியாழக்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல், சந்தியாவந்தனம், காப்பி. பஞ்சாங்கம் பார்த்து அன்றைய ராகு காலத்தை டைரியில் குறித்துக்கொண்டேன். ஆறு மணிக்கு மேற்கு மாம்பலத்திலிருந்து சைக்கிளில் கிளம்பி, ஏழுக்குள் மயிலாப்பூரில் வக்கீல் வீட்டு ஆபீஸ் அறையைத் திறந்தேன். முதலில் மசிக்கூட்டைக் கழுவி நிரப்புவது, பிறகு மறுநாள் கேஸ்களின் கட்டுகளை வரிசையாக அடுக்குவது. பதினோரு வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கோடை லீவுக்கு முன் கோர்ட்டின் கடைசி நாள். ஆறு கட்டுகள் இருக்க வேண்டும். ஐந்துதான் இருந்தன.

இல்லாதது அந்தோணியம்மாளின் கட்டு. சாந்தோம் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிறவள். புருஷன் இல்லை, இரண்டு பெண்கள். அவளுடைய கொழுந்தன் வாங்கிய கடனுக்குச் சேட்டு ஒருவர் டிக்ரி வாங்கி, அவனும் அவள் குடும்பமும் குடியிருந்த ஓட்டு வீட்டை ஜப்தி செய்துவிட்டார். வீடோ அவனுடையது அல்ல. அந்தோணியம்மாளின் தகப்பன் வாங்கி அவள் பேருக்கு எழுதி வைத்தது. சனிக்கிழமை பகல் அந்த வீட்டு வாசலிலேயே ஏலம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மனுவையும் மூலப்பத்திரத்தையும் தாக்கல் செய்து, எங்கள் ஜூனியர் வக்கீல் எழுந்து நாலு வார்த்தை சொன்னால் ஏலம் நிற்கும். இல்லாவிட்டால் அவள் தெருவில் நிற்பாள். லீவு முடிந்து கோர்ட் திறப்பது ஜூலையில்தான்.

மனு தயார். வக்கீல் கையெழுத்தும் ஆகிவிட்டது. மனுவும் மூலப்பத்திரமும் அந்தக் கட்டில்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "ஒரு தடவை படிச்சுட்டுத் தரேன்" என்று கட்டை உள்ளே எடுத்துப் போனவர் அவர்தான்.

உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நாலு வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. வக்கீல் குடும்பம் கோடைக்குப் பெங்களூர் போகிறது, பதினாலு பேர். மே மாதத்தில் மதராஸில் பாதிப்பேர் அங்கே போவதால் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. பிப்ரவரியிலிருந்து அதுதான் என் உத்தியோகம். சமையலறையிலிருந்து எட்டும் தூரத்தில் கிணறு வேண்டும். மாமனாருக்கு மாடிப்படி கூடாது. மாப்பிள்ளைக்குத் தனி அறை, அதுவும் கிழக்குப் பார்த்து. என் டைரியை இப்போது புரட்டிப் பார்த்தேன். அந்த மூன்று மாதத்தில் கட்சிக்காரர்களுக்கு நான் எழுதிய கடிதங்கள் பதினொன்று. பெங்களூர் வீட்டுக்காக எழுதியவை முப்பத்துநாலு. ஊறுகாய் ஜாடிகளுக்கு மூன்று பிரதியில் ஜாபிதா, அதாவது பட்டியல், போட்டேன். இதற்காகவா குமாஸ்தாவானேன்?

இரண்டாம் வகுப்பில் ஒரே பெட்டியாக இடம் கிடைத்தது வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்குத்தான். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. பெங்களூரோ மேற்கே இருக்கிறது. அதனால் பரஸ்தானம் வைத்தார்கள். அதாவது, நல்ல நாளில் பயணச் சாமான் ஒன்றை முன்கூட்டியே வேறொருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அன்றே புறப்பட்டதாகக் கணக்கு. மயிலாப்பூருக்கு மேற்கே என் வீடு இருப்பதால் என் வீட்டையே தேர்ந்தெடுத்தார்கள். புதன்கிழமை காலை பத்து மணிக்கு வக்கீலின் டிரங்குப் பெட்டியை, பிடியில் மஞ்சள் துணி கட்டி, ஜட்கா வண்டியில் வைத்து நானே கொண்டுபோய்க் கூடத்தில் இறக்கினேன்.

வக்கீல் எட்டு மணிக்கு ஆபீஸ் அறைக்கு வந்தார். கையில் சாமான் ஜாபிதா.

"சாமா, ரெண்டாவது காப்பி ஃபில்டர் ஜாபிதாவுல இல்லையேடா?"

"ஏழாவது வரி. அந்தோணியம்மா கட்டு எங்கே?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அடடா. பெங்களூர்ல படிக்கிற பேப்பரோட சேர்த்து வெச்சேன் போலிருக்கு. பெட்டிக்குள்ள போயிடுத்து."

"பெட்டி எங்காத்துலதானே இருக்கு? சாவியைக் குடுங்கோ. இப்பவே போய் எடுத்துண்டு வந்துடறேன்."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி, மாமி, அதற்குள் நிலைப்படிக்கு வந்துவிட்டாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில்.

"பரஸ்தானம் வெச்ச பெட்டியைத் தொறக்கறதாவது! போன தடவை இப்படித்தான் சால்வையை மறந்துட்டேன்னு பாதியில தொறந்தார். ஊருக்குப் போன மறுநாளே கொழந்தைக்கு ஜுரம். பதினஞ்சு நாள் கஞ்சி."

"பெட்டி ஆத்துக்குத் திரும்பி வரப்படாது மாமி, அவ்வளவுதான் சாஸ்திரம். தொறக்கப்படாதுன்னு நான் கேள்விப்பட்டதில்லை."

"நீ கோர்ட்டுக் கட்டைப் பாரு. சாஸ்திரத்தை நான் பாத்துக்கறேன்."

கோர்ட்டுக் கட்டைத்தானே கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். வக்கீல் குரலைத் தாழ்த்தினார்.

"விடுடா. ஏலம் அன்னிக்கே முடிஞ்சுடாது. எவனும் கேக்க வரமாட்டான். ஜூலையில பாத்துக்கலாம். அவ வந்தா, மனு போட்டாச்சுன்னு சொல்லி அனுப்பிடு."

"போடலையே."

"சொல்லுன்னா சொல்லேன். நாளைக்கு நான் கோர்ட்டுக்கே வரலை. சாமானெல்லாம் மத்தியானமே ஸ்டேஷனுக்குப் போகணும்."

அவர் கெட்டவர் அல்ல. அந்தோணியம்மாளிடம் பீஸ் கூட அவர் கேட்கவில்லை. ஆனால் நல்ல மனசு அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய்ச் சாவியைக் கேட்கவில்லை.

பத்து மணிக்கு அந்தோணியம்மாள் வந்தாள். மீன் கூடையைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வாசலில் நின்றாள். ரேழியில் படுக்கைச் சுருட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன.

"இன்னா சாமி, வூட்டையே காலி பண்றாப்பல கீது?"

"எல்லாரும் பெங்களூர் போறா."

"எத்தினி நாளு?"

"ஒன்றரை மாசம்."

"கீற வூட்ட பூட்டிக்கினு இன்னொரு வூட்டுக்குப் போறாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு கீது. அத்தையும் தம்பட்டம் அடிச்சு விக்கப் போறானுங்க. நல்லா கீது சாமி நாயம்." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்கப்பன் பத்திரம் உன் கையிலதான கீது?" என்று கேட்டாள்.

மனு போட்டாச்சு என்று சொல்ல எனக்கு உத்தரவு. நாக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. "நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட் வாசலுக்கு வந்துடு" என்றேன்.

"வராம? பெரிய பொண்ணையும் இட்டாறேன். ஜட்ஜு மூஞ்சிய பாக்கணும்ன்றா."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கேஸ் டைரி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்சிக்காரர் பேருக்கு எதிரிலும் அன்று நடந்ததை எழுதுவேன். அந்தோணியம்மாள் பேரை எழுதி, அதற்கு மேல் எழுத முடியாமல் நிறுத்தினேன். எதிரே கூடத்தில் அந்தப் பெட்டி, மேலே மஞ்சள் துணி. நாலு முழ தூரத்தில் ஒரு மனுஷியின் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்குக் காவல் நான்!

என் மனைவியிடம் சொன்னேன். அவள் விளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"தொறந்தா வேலை போயிடுமோன்னோ?"

"போகும்."

"தொறக்கலேன்னா?"

நான் டைரியை மூடி வைத்தேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று இளைய குமாஸ்தாக்கள் கேட்பதுண்டு. ஏலம் நின்றது. டிசம்பரில் வீடு அவளுடையது என்றே தீர்ப்பானது. பெங்களூரில் ஒருவருக்கும் ஜுரம் வரவில்லை. என்னை ஜூலையில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அடையாறில் வேறொரு வக்கீலிடம் இருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கட்சிக்காரரின் மூலப்பத்திரம் உங்கள் பீரோவை விட்டுப் போகக்கூடாது. வக்கீல் படிக்கக் கேட்டால் நகலைக் கொடுங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நகலையே கொடுங்கள். செவ்வாய்க்கிழமை நான் அதைச் செய்யவில்லை. அது என் தப்பு.

மே 1, வெள்ளிக்கிழமை. நாலரை மணிக்கு எழுந்தேன். குளிக்கவில்லை, பஞ்சாங்கம் பார்க்கவில்லை. முதல் காரியமாக அம்மிக் குழவியைக் கூடத்துக்குத் தூக்கி வந்தேன்.

"அடியில சாக்கைப் போட்டுக்கோங்கோ, தரை பேந்துடும்" என்று சொல்லி என் மனைவி பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது அடியில் பூட்டு விட்டது. கட்டை எடுத்தேன். மாமியின் பட்டுப் புடவைகளை இருந்த மடிப்பிலேயே வைத்து மூடி, கயிற்றால் கட்டினேன். உடைந்த பூட்டை ஒளிக்கவில்லை. பெட்டியின் மேலேயே, வந்து எடுக்கிறவர்கள் கண்ணில் படும்படி வைத்தேன்.